கத்திக்கு முன் ஒரு பார்வை

வாப்பாவின் மூக்கோரத்தில் இருந்த கரும்புள்ளியை நாங்கள் பல்லாண்டுகளாக மச்சம் என்றே எண்ணியிருந்தோம். அவர் சிட்னியில் எங்களோடு வந்து தங்கிய பின், உளூச் செய்து முகம் துடைத்த துண்டில் இருமுறை இரத்தக் கறை கண்டோம். தோல் மருத்துவர் டெர்மாஸ்கோப் என்னும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்துவிட்டு, சிறு துண்டு வெட்டிச் சோதிக்க வேண்டும் என்றார்.

வாப்பா இசையவில்லை. தையலில் நீர் பட்டால் ஆகாது, உளூ என்னாவது என்றார். காயக் கட்டின் மீது ஈரக்கையால் தடவி மஸ்ஹு செய்யலாம் என்று எங்களுக்குக் கற்பித்தவரே அவர்தாம்! அஞ்சியது கத்திக்கு என்பது புரிந்தும் வாய் திறக்க எங்களுக்குத் துணிவில்லை.

அப்போதுதான் கான்ஃபோகல் நுண்ணோக்கியைப் பற்றிச் சொன்னார்கள். மார்வின் மின்ஸ்கி 1957இல் காப்புரிமை கோரிய கருத்து அது. மெல்லிய லேசர் ஒளியைத் தோலினுள் ஒரே புள்ளியில் குவிப்பார்கள். அந்த ஆழத்திலிருந்து திரும்பும் ஒளியை மட்டும் ஒரு நுண்துளை உள்ளே விடும். மேலடுக்கு, கீழடுக்குகளின் ஒளியைத் தடுத்துவிடும். இப்படித் தோலை வெட்டாமலே அடுக்கடுக்காகக் காணலாம். உயிருள்ள மனிதத் தோலை இவ்வாறு கண்ட ஆய்வை மிலிந்த் ராஜாத்யக்ஷாவும் உடன் உழைத்தோரும் 1995இல் வெளியிட்டனர். ஒரு விந்தை: கருமை தரும் மெலனின்தான் இக்கருவியின் திரையில் வெண்மையாய் ஒளிர்கிறது.

மூக்கோரத்தில் திரவத் துளி தடவி, கைக்கருவியை வைத்தார்கள். வலி இல்லை, அசையாதிருப்பதுதான் வாப்பாவுக்குச் சிரமமாயிருந்தது. முதலில் தேனடை போன்ற உயிரணுக்கள் தெரிந்தன. சற்று ஆழத்தில் அவ்வொழுங்கு குலைந்து, கரிய இடைவெளி சூழ்ந்த திட்டுகள் தோன்றின. அவற்றினருகே நுண்குழாய்களில் மணிமணியாய் ஏதோ விரைந்தது.

"ஓடுவது என் இரத்தமா?" என்று கேட்டார்.

"ஆம்" என்றார் மருத்துவர்.

"சுப்ஹானல்லாஹ்" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் திரையையே பார்த்திருந்தார்.

பேசல் செல் கார்சினோமா என்னும் தோற்புற்றாகத் தெரிகிறது, பெரும்பாலும் மெல்லவே வளர்வது என்றார் மருத்துவர். ஒளி ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் வரைதான் செல்லும். அதற்குக் கீழே எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைத் துண்டெடுத்தே அறிய வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. கத்தியைத் தவிர்க்கலாம் என்றெண்ணி வந்த எங்களுக்கு ஏமாற்றமே. வாப்பாவோ, "எந்த இடத்தில் எடுப்பீர்கள்?" என்று வினவினார். திரையில் காட்டினார்கள். இசைந்தார்.

சோதனையில் அதுவே உறுதியாயிற்று. மறுமாதம் முழுதும் அகற்றினார்கள், அல்ஹம்துலில்லாஹ். இருமுறையும் கட்டின் மீது மஸ்ஹு செய்தே தொழுதார். நாங்கள் மறந்திருப்போம் என்று, அதன் சட்டத்தை மீண்டும் ஒருமுறை விளக்கவும் செய்தார்.