லிட்டருக்கு 9 தான்

புது பிக்கப் எடுத்து ரெண்டு மாசம் ஆச்சு. ஃபோர் வீல் டிரைவ்.

இன்னிக்கு டேங்க்கை நிரப்பிட்டு கணக்குப் பாத்தேன்.
414 கிலோமீட்டர். 46 லிட்டர் டீசல்.
லிட்டருக்கு 9.

ஷோரூம்ல சொன்னது 14.
மனசே விட்டுப்போச்சு.

கொல்லிமலை ரோடு. 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது உர மூட்டை, இறங்கும்போது மிளகு. வண்டியே ரெண்டு டன், பட்டை டயர் வேற. கொஞ்சம் குறையும்னு தெரியும். ஆனா இவ்வளவா?

அந்த 14, சோதனைக் கூடத்துல உருளை மேல ஓட்டி எடுத்த கணக்காம். அங்க ஏத்தம் ஏது, மூட்டை ஏது? விக்கிறப்பவே இதைச் சொல்லியிருக்கணும்.

சேத்துல இறங்கி ஏறுறதுல ஒரு குறையும் இல்ல. அதையும் சொல்லணும்.

மலையில இந்த மாதிரி வண்டி ஓட்டுறவங்க, உங்களுக்கு எவ்வளவு குடுக்குது? உள்ளதைச் சொல்லுங்க.