அவ்வா வீட்டு ஆண்டாள்

ஆடி, வியாழன்

ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்து, காலையில் ஆண்டாள் கண்டெடுக்கப்பட்ட துளசி நந்தவனத்தைத் தரிசித்துவிட்டு, மலையைப் பார்த்தபடியே பஸ்ஸில் ராஜபாளையம் சென்று, அவள் தந்தையாராகிய பெரியாழ்வாரை மாணாக்கருக்குப் பாடமாகச் சொல்லும் பாக்கியம் எத்தனை தமிழாசிரியருக்கு வாய்க்கும்! இன்று அந்தப் பாடத்தைத் தொடங்கினேன். பிள்ளைகள் சிரத்தையோடு கேட்டார்கள். பாசுரத்தைப் பிழையின்றி ஒப்பிக்கவும் செய்தார்கள். ஆயினும், வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழுமாக வளர்கின்ற ராஜுக்கள் வீட்டுப் பையன் ஒருவன், மணி அடித்த பிறகு என்னிடம் வந்து, "ஐயா, எங்க அவ்வாவுக்கு ஆண்டாள்னா உசுரு. ஆனா இந்தப் பாட்டைப் படிச்சுக் காட்டினா, அது தமிழ்க்காரங்களோடதுன்னு சொல்லிடுறாங்க" என்று தன் பாட்டியைப் பற்றி வெள்ளை மனத்தோடு சொன்னபோது, நான் போதித்த செய்யுள் அவன் நாவில் ஏறியதேயன்றி அவன் வீட்டு வாசற்படியை ஏறவில்லை என்பது விளங்கிற்று.

வெள்ளி, இரவு

1875-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துவரும் பென்னிங்டன் நூலகத்தில் மாலைப் பொழுது முழுவதும் கழிந்தது. கையில், மு. கு. ஜகந்நாத ராஜா தமிழாக்கிய 'ஆமுக்த மால்யத'. 1509 முதல் 1529 வரை அரசாண்ட கிருஷ்ணதேவராயர், எங்கோ துங்கபத்திரைக் கரையில் சிம்மாசனத்தில் இருந்துகொண்டு, எங்கள் வில்லிபுத்தூரையும் பெரியாழ்வாரையும் கோதையாகிய ஆண்டாளையும் பாட்டுடைப் பொருளாக்கித் தெலுங்கிலே ஒரு மகாகாவியம் இயற்ற, அது நானூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தெலுங்குப் பண்டிதர்களின் அரும்பொருளாகத் திகழ்ந்திருக்க, கதை நிகழ்ந்த ஊருக்கு அடுத்த ஊராகிய ராஜபாளையத்தில் 1933-இல் பிறந்த இந்த மனிதர் அதனைத் தமிழாக்கிச் சாகித்திய அகாதெமியின் பரிசும் பெற்றார். பிராகிருதம் கற்றுக் 'காதா சப்தசதி'யைத் தமிழுக்குத் தந்தவரும் அவரே. 2008-இல் மறைந்தார். வகுப்பறையில் நின்று போதிக்கிறவனையே ஆசிரியன் என்கிறோம். தம் வீட்டு மொழியையும் ஊர் மொழியையும் ஒன்றுக்கொன்று உறவாக்குவதிலே ஆயுளைச் செலவிட்ட இவரை நான் என் தொழிலின் மூத்தோர் வரிசையிலேயே வைத்து எண்ணுகிறேன்.

அந்தக் காவியத்தில், பாண்டியன் சபைக்குச் சென்று வாதம் செய்யும்படி பெருமாள் பணிக்க, சாஸ்திரம் பயிலாதவனும் நந்தவனத்தில் மண் கொத்துகிறவனுமாகிய தன்னை அனுப்பினால் அவருக்கல்லவா அபகீர்த்தி என்று ஆழ்வார் தயங்குமிடத்தில் நெடுநேரம் நின்றேன். சக்கரவர்த்தி ஒருவர் ஒரு தோட்டக்காரரின் நெஞ்சுக்குள் புகுந்து எழுதிய இடம் அது. ஆனால் பிள்ளைகளுக்கு முதலில் காட்டவேண்டியது வேறு: விருந்து! மழைக்காலத்தில் தேங்காய் ஓட்டை விறகாக்கிச் சமைத்த சுடுசோறும் பருப்பும் நெய்யும் வடகமும், கோடையில் வெதுவெதுப்பான சோறும் மோர்க்குழம்பும் இளநீரும் கரும்புச் சாறும் என்று, வந்த அடியார்களுக்குப் பருவமறிந்து ஆழ்வார் அமுது படைக்கும் பகுதி. பக்தியைத் தத்துவமாகச் சொல்லாமல் இலையில் பரிமாறிக் காட்டுகிற கவிகள் அபூர்வம்.

திங்கள்

குற்றாலச் சாரலின் ஈரக்காற்று ஜன்னல் வழியே வகுப்பு முழுவதும் வீசிக்கொண்டிருந்தது. அந்த விருந்துப் பகுதியைத் தமிழில் வாசித்துவிட்டு, "இதை முதலில் பாடிய ராஜா உங்கள் வீட்டுப் பாஷையில்தான் பாடினார், தமிழாக்கியவரும் இந்த ஊர்க்காரர்தான்" என்றேன். அந்தப் பையன் எழுந்து நின்றுவிட்டான். "ஐயா, அவ்வாகிட்ட இதைச் சொல்லலாமா?" என்றான். சொல்லலாமா என்பதென்ன, சொல்லியே தீரவேண்டும் என்றேன்.

ஆண்டாளின் ஆடிப்பூரத் தேர்த் திருவிழா முடிந்து பள்ளி கூடியதும் கட்டுரை நோட்டில், தங்கள் வீட்டில் மழை நாளில் வந்த விருந்தினருக்கு என்னென்ன பரிமாறுவார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதிவரப் பணித்திருக்கிறேன். பண்டங்களின் தெலுங்குப் பெயர்களை அவ்வா சொல்லுகிறபடியே தமிழெழுத்தில் எழுதலாம். அதற்காக மதிப்பெண் குறையாது.