இரைப்பையும் உள்ளமும்

உடற்பருமனைக் குறைப்பதற்கான சத்திரசிகிச்சை இரைப்பையின் மீது செய்யப்படுவது. அதன் விளைவைத் தாங்குபவனோ முழு மனிதன். வெளிப்படையான இவ்வுண்மை மருத்துவ உலகிற்குத் தெளிவாகப் புலப்படுவதற்குச் சில தசாப்தங்கள் சென்றன. நிறை குறைந்தால் நோய் குறையும், நோய் குறைந்தால் துயரும் தானே அகலும் என்ற கணக்கே நெடுங்காலம் ஏற்கப்பட்டிருந்தது. அக்கணக்கின் முற்பகுதி பெரும்பாலும் சரியானது. பிற்பகுதியே ஆராயற்பாலது.

ஐக்கிய அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வேட் மேசன், 1966 ஆம் ஆண்டிலே இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலுடன் நேரே இணைக்கும் முறையைக் கையாண்டார். அது பின்னர் பலவாறு திருத்தப்பெற்றது. வேறு முறைகளும் தோன்றின. 1991 இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய மாநாடு, உடற்றிணிவுச் சுட்டி 40 ஐ எட்டியோருக்கும், கடும் இணைநோய்களுடன் 35 ஐ எட்டியோருக்கும் இச்சிகிச்சை பொருந்தும் எனக் கருதியது. 2022 இல் இத்துறைச் சத்திரசிகிச்சையாளரின் அமெரிக்கச் சங்கமும் சர்வதேசச் சம்மேளனமும் இணைந்து வெளியிட்ட நெறிமுறை, ஆசிய மக்களுக்கு 27.5 இலிருந்தே இதனை வழங்கலாம் என்றது. ஆகவே இது மேனாட்டார்க்கு மட்டும் உரிய பிரச்சினை என ஒதுக்கத்தக்கதன்று.

இச்சிகிச்சையை நாடுவோரின் உள்ளம் எத்தகையது? 1991 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு விடை பகர்கின்றது. சத்திரசிகிச்சையின் பின் 45 கிலோகிராமுக்கு மேல் நிறை குறைந்து, அந்நிலையை மூன்றாண்டுகளாவது பேணிய 47 பேரிடம் விசித்திரமான வினாக்கள் தொடுக்கப்பட்டன. மீண்டும் பழைய பருமனை அடைவதா, கண்பார்வையை இழப்பதா என்றபோது, ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் பார்வையிழப்பையே தெரிந்தனர். காலொன்றை இழப்பதா என்ற வினாவுக்கும் விடை அவ்வாறே அமைந்தது. பார்வையற்றவனை உலகம் இரக்கத்துடன் நோக்குகின்றது. பருத்தவனை எள்ளலுடன் நோக்குகின்றது. அவர்கள் அஞ்சியது உடலின் சுமையை மட்டுமன்று, பிறர் பார்வையின் சுமையையுமாகும்.

சத்திரசிகிச்சையின் பின்வரும் முதலாண்டு பெரும்பாலோர்க்கு வசந்தகாலம். 1987 இல் ஆரம்பித்து நாலாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த சுவீடன் நாட்டு ஆய்வு, வாழ்க்கைத் தரம் முதலாண்டில் உச்சத்தை அடைந்து, பின்னர் நிறை சிறிது சிறிதாக மீள மீளத் தானும் தாழ்ந்து, ஆறாம் ஆண்டளவில் ஒரு நிலைக்கு வருவதைக் காட்டியது. ஆயினும் வசந்தத்திலும் முள் உண்டு. முன்பு கண்டும் காணாதவர்போற் சென்றோர் இன்று முகமலர்ந்து பேசுகின்றனர். மகிழ வேண்டிய உள்ளத்திலே, அன்று இவர்கள் கண்ணுக்கு மனிதனாகவே தோன்றவில்லையா என்ற கேள்வி எழுகின்றது. உடல் சிறுத்தாலும் தளர்ந்து தொங்கும் தோல் பழையதை நினைவூட்டுகின்றது. தனிமையிலும் துயரத்திலும் துணையிருந்த உணவு பறிபோய்விட்டது. அவ்விடத்தை நிரப்புவதற்கு வேறொன்றும் தரப்படவில்லை.

குடும்ப உறவும் இம்மாற்றத்துக்குத் தப்புவதில்லை. 2018 இல் வெளியான சுவீடன் ஆய்வின்படி, சத்திரசிகிச்சை பெற்றோருள் தனித்திருந்தவர்கள் புதிய துணையைத் தேடிக்கொள்வதும் அதிகம். துணையுடன் இருந்தவர்கள் பிரிவதும் அதிகம். ஒருவரின் உடல் மாறும்போது இருவரிடையே எழுதப்படாதிருந்த ஒப்பந்தங்களும் மாறுகின்றன போலும்.

இவற்றையெல்லாம் மனவுறுதியின் குறை எனக் கொள்வது தவறாகும். உடலியற் காரணங்களும் உள. மாற்றியமைக்கப்பட்ட இரைப்பையிலிருந்து மதுசாரம் விரைவாகவும் மிகுதியாகவும் குருதியிற் கலக்கின்றது. 2012 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்விலே, மதுப்பழக்கக் கோளாறு உடையோர் சத்திரசிகிச்சைக்கு முன்னர் 7.6 சதவீதத்தினர், முதலாண்டில் பெரிதும் மாற்றமில்லை, இரண்டாமாண்டில் 9.6 சதவீதத்தினர். உளச்சோர்வுக்கான மருந்துகள் சில முன்போல உறிஞ்சப்படாமற் போகலாம். விற்றமின் பீ1, பீ12 ஆகியவற்றின் குறைபாடு நரம்புகளையும் நினைவையும் தாக்க வல்லது. உள்ளத்தின் துயருக்கு உணவுக் கால்வாயிலும் வேர் இருக்கலாம் என்பது மனங்கொள்ளத்தக்கது.

2007 இல் வெளியான யூற்றா மாநில ஆய்வு இப்பிரச்சினையின் இரு முகங்களையும் ஒருங்கே காட்டியது. சத்திரசிகிச்சை பெற்றோரிடையே மொத்த மரணங்கள் 40 சதவீதத்தாற் குறைந்திருந்தன. ஆனால் விபத்து, தற்கொலை முதலிய நோயல்லாக் காரணங்களால் நேர்ந்த மரணங்கள் 58 சதவீதம் அதிகமாயிருந்தன. 2016 இல் வெளிவந்த கனடாவின் ஒன்ராறியோ மாகாண ஆய்வு 8815 பேரை நோக்கியது. தமக்குத் தாமே தீங்கிழைத்து அவசர சிகிச்சைக்கு வந்த சந்தர்ப்பங்கள் சத்திரசிகிச்சையின் பின் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகியிருந்தன. பெரும்பாலானவை இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் நிகழ்ந்தன. தொகையளவில் இவர்கள் சிலரே. அவர்களுள்ளும் மிகப் பெரும்பாலோர் உளநோய் இருப்பதாக அறியப்பட்டவர்கள். எனவே இவ்வெண்கள் சத்திரசிகிச்சைக்கு எதிரான வாதமாகா. ஆபத்து எவரிடத்து, எக்காலத்து வரும் என முன்னறிவிக்கும் குறிகளே அவை. பாராட்டுரைகள் ஓய்ந்து, வைத்தியசாலைக்குச் செல்வதும் அருகிவிடும் காலமே அக்காலம்.

சத்திரசிகிச்சைக்கு முன் உளவியலாளரைச் சந்திக்கவேண்டும் என்ற நியதி பல நாடுகளில் உண்டு. ஆனால் அச்சந்திப்பு தகுதித் தேர்வாக அமையும்போது, மறுக்கப்படுவோமோ என்ற அச்சத்தால் நோயாளி தன் துயரை மறைக்கின்றான். எவனுக்கு உதவி அதிகம் வேண்டுமோ அவனே வாய்திறவாது போகின்றான். அச்சந்திப்பு, பின்னர் வரும் ஆண்டுகளிலே தயங்காது தட்டக்கூடிய ஒரு கதவை அறிமுகஞ்செய்வதாக அமைதல் வேண்டும். இரைப்பையை மாற்றியமைக்கச் சில மணிநேரம் போதும். மாறிய உடலிலே குடியிருக்கப் பழகுவதற்கு உள்ளத்துக்குப் பல ஆண்டுகள் வேண்டும். அவ்வாண்டுகளிலே அதற்குத் துணை நிற்பதும் சிகிச்சையின் பகுதியே.