வேஷம் கட்டிய சனிக்கிழமைகள்

ஸ்காபரோ அடுக்குமாடியை விட்டு, ஸ்டீல்ஸ் வீதியைக் கடந்து, மார்க்கத்துக்கு நாங்கள் வீடு மாறியபோது எனக்கு எட்டு வயது. வீதிக்குத் தெற்கே ரொறொன்ரோ, வடக்கே மார்க்கம். அப்போது பஸ்ஸுக்கு வேறு ரிக்கெற், நூலகத்துக்கு வேறு அட்டை. அப்பாவும் மாமாவும் காசு சேர்த்து வாங்கிய வீடு அது. இரண்டு குடும்பம், அம்மம்மா, ஊரிலிருந்து புதிதாக வந்து வேலை தேடுகிற யாராவது ஒருவர் என்று எப்போதும் ஆள் நிறைந்திருக்கும். மேல்மாடி பெரியவர்களுக்கு, பேஸ்மென்ட் பிள்ளைகளுக்கு. நான் நடிக்கப் பழகியது அந்த பேஸ்மென்டில்.

புரட்டாதி பிறந்தால் நவராத்திரி வாணிவிழா ஒத்திகை தொடங்கிவிடும். சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். ஆசிரியை கையால் எழுதிப் போட்டோக் கொப்பி எடுத்துத் தந்த வசனத்தாள், அதன் ஓரத்தில் ஆங்கில எழுத்தில் நாங்கள் குறித்துவைத்த உச்சரிப்பு. இரண்டு தூணுக்கு நடுவில் கயிறு கட்டி, கட்டில் விரிப்பை உடுப்புக் கிளிப்பால் மாட்டினால் திரை. ஒரு வருடம் நான் சரஸ்வதி. சீரியல் பெட்டியை வெட்டி, தங்க நிறப் பரிசுத்தாள் சுற்றி, நடுவில் தன்னுடைய பழைய புரோச் ஒன்றைக் குத்தி அம்மம்மா கிரீடம் செய்து தந்தா. வீணைதான் பெரிய பிரச்சினையாக இருந்தது. மாமா யோசித்து யோசித்து, அண்ணாவின் ஹொக்கித் தடியை எடுத்து, அதன் ஒரு முனையில் பெரிய பிளாஸ்டிக் கோப்பையும் மறுமுனையில் சின்னக் கோப்பையும் ஒட்டினார். தடியின் நீளத்துக்குத் தூண்டில் நரம்பு நாலு. மேடையில் வெளிச்சம் விழுந்தபோது அது வீணையாகத்தான் தெரிந்தது என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவா.

அந்த மேடைகளில் பெண் பிள்ளைகளுக்கு மூன்று வேஷம்தான். ஒன்று தெய்வம்: அசையாமல் நிற்க வேண்டும், வலது கையைத் தூக்கி ஆசீர்வதிக்க வேண்டும். இரண்டாவது ஊரில் எல்லாம் இழந்தவள்: தலையை விரித்து, மடியில் தம்பியைக் கிடத்தி அழ வேண்டும். மூன்றாவது கனடா வந்து கெட்டுப்போனவள்: தாய் தகப்பனுக்கு எதிர்க்கதை கதைத்து, கடைசிக் காட்சியில் சேலை உடுத்து வந்து காலில் விழ வேண்டும். மூன்றாவதுக்குத்தான் எங்களுக்குள் அடிபிடி. அதில் ஜீன்ஸ் போடலாம், கதவை அடித்துச் சாத்தலாம், கடைசிக் காட்சி வரும்வரை சத்தம் போட்டுக் கதைக்கலாம். எனக்கு அது ஒருநாளும் கிடைக்கவில்லை. நான் அழுதால் சபையும் அழும் என்று எனக்கு மற்ற வருடமெல்லாம் இரண்டாவது வேஷத்தைத்தான் தந்தார்கள்.

2002இல், எனக்கு ஒன்பது வயதில், மார்க்கம் ரோட்டில் இருந்த வீடியோக் கடை ஒன்றிலிருந்து மாமா மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படம் கொண்டுவந்தார். மாம்பழப் பெட்டியும் டெலிபோன் கார்டும் படக்கொப்பியும் ஒரே இடத்தில் விற்கிற கடை. அன்றிரவு வீடே ரிவிக்கு முன்னால் இருந்தது. படத்தில் வரும் அமுதா எனக்குச் சமவயது. ஈழத்துத் தாய்க்கு ராமேஸ்வரம் முகாமில் பிறந்து, சென்னையில் வளர்ந்து, பெற்ற தாயைத் தேடி யுத்தத்துக்குள் போகிற பிள்ளை. எங்கள் கதையைச் சுமந்து ஒரு சிறுமி ஒரு முழுப்படத்தையும் தூக்கிக்கொண்டு நடந்ததை நான் கண்டது அதுதான் முதல் தடவை. அமுதாவாக நடித்தவர் கீர்த்தனா. நடிகர்கள் பார்த்திபன், சீதா ஆகியோரின் மகள். அந்த வேடத்துக்காகச் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. வளர்ந்தபின் அவர் கமராவுக்குப் பின்னால் போய், மணிரத்னத்திடமே உதவி இயக்குநராக வேலை செய்தார்.

அம்மம்மா படம் முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும், "எங்கட ஆக்கள் இப்பிடியே கதைக்கிறவை?" என்று மட்டும் கேட்டா. பேச்சு ஒட்டவில்லை என்பது அவவின் குறை. ஆனால் மழைக்குள் தாயும் மகளும் சந்திக்கிற இடத்தில் அவ சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்ததை நான் கண்டேன். அந்த வருடம் மாசி மாதம்தான் ஊரில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாகியிருந்தது. பெரியவர்கள் யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 பாதை திறப்பதைப் பற்றியே ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்த காலம். படத்தில் அந்தப் பாதையிலுள்ள மாங்குளத்தின் பெயர் வந்தபோது மாமா எழும்பி நின்றுவிட்டார்.

அந்த வருடம் மாசியில், எங்கள் வீட்டிலிருந்து மேற்கே ஒரு மணித்தியாலக் கார் ஓட்டத்தில், மிசிசாகாவில், இன்னொரு ஈழத்தமிழ் வீட்டில் ஒரு குழந்தைக்கு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மைத்ரேயி ராமகிருஷ்ணன் பிறந்தது 2001 டிசம்பர் 28. தாய் தகப்பன் யுத்தத்திலிருந்து தப்பி அகதிகளாகக் கனடா வந்தவர்கள். அவர் பெயரை நான் கேள்விப்பட இன்னும் பதினேழு வருடம் இருந்தது.

உயர்பள்ளியில் எனக்கு நாடக வகுப்பு கிடைத்தது ஒரு சட்டத்தால். ஒன்ராறியோவில் உயர்பள்ளிச் சான்றிதழ் எடுக்கக் கலைப்பாடம் ஒன்று கட்டாயம். கணக்கும் விஞ்ஞானமும் தவிர வேறொன்றையும் பாடமாக எண்ணாத எங்கள் வீடுகளில், அந்த ஒரு கட்டாயம்தான் எத்தனையோ பிள்ளைகளை மேடைக்குத் தள்ளியது. முதல் நாளே ஆசிரியர் எங்களைக் கத்தச் சொன்னார். காரணமில்லாமல், வசனமில்லாமல், வயிற்றிலிருந்து கத்த வேண்டும். எனக்கு வாய் திறக்கவில்லை. அழச் சொன்னால் அந்த நிமிடமே அழுதிருப்பேன். கோபப்பட எனக்கு யாரும் பழக்கியிருக்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஒருநாள், ஒரு நாற்காலியை உதைத்து விழுத்திவிட்டு நான் கத்தியபோது வகுப்பு கைதட்டியது. வீட்டுக்குப் பஸ்ஸில் வரும்போது கை நடுங்கிக்கொண்டே இருந்தது, சந்தோஷத்தில்.

அடுத்த வருடமும் நாடகம் எடுக்கிறேன் என்று சொன்ன இரவு அப்பா சத்தம் போடவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பக்கத்தில் இருந்தார். "நடிக்கிறது பிழையில்லைப் பிள்ளை. வாணிவிழாவில நடி, ஆர் வேண்டாம் எண்டது? ஆனா அது ஒரு வேலையோ?" இரவு வேலைக்குப் போகிற உடுப்போடு இருந்த மனிதரிடம் எனக்குச் சொல்லப் பதில் இருக்கவில்லை. கனடாவின் ரிவியில் எங்களைப் போல ஒரு முகத்தைக் காட்டி, பாருங்கள் அப்பா, இது வேலைதான் என்று சொல்ல ஒருத்தி இருந்திருந்தால் காட்டியிருப்பேன். அடுத்த வருடம் இரசாயனம் எடுத்தேன்.

எங்கள் முகங்கள் கனடா ரிவியில் வந்தன, செய்திகளில். 2009 மே 10, அன்னையர் தினம். தாய்மாரும் பிள்ளைகளும் ரொறொன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி இருந்து, முள்ளிவாய்க்காலில் நடப்பதை நிறுத்துங்கள் என்று கேட்ட அந்த மாலை முழுவதும் வந்தன. அடுத்த வருடம் ஓகஸ்டில் 492 தமிழ் அகதிகளோடு சன் சீ கப்பல் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்தபோதும் வந்தன. பள்ளியில் கூடப் படிக்கிறவர்கள் எங்களிடம் கேட்ட கேள்விகள் எல்லாம் அந்த இரண்டு காட்சிகளிலிருந்து பிறந்தவை. வாணிவிழா மேடையில் எனக்குத் தந்த அதே இரண்டாவது வேஷத்தைத்தான் இந்த நாடும் எங்களுக்குத் தருகிறது என்று பதினாறு, பதினேழு வயதில் எனக்குப் பட்டது. அந்த வலி பொய்யென்று நான் சொல்லவில்லை. மாமா இழந்த தம்பி பொய்யில்லை. ஆனாலும் ஒரு பெண்பிள்ளைக்கு அதைத் தவிர வேறு முகமே இல்லையா?

2019 வசந்தத்தில் மிண்டி கேலிங் ருவிற்றரில் ஒரு அழைப்பு விட்டார். தமிழ்த் தந்தைக்கும் வங்காளத் தாய்க்கும் அமெரிக்காவில் பிறந்த நடிகை, எழுத்தாளர் அவர். தன் புதிய தொடருக்கு ஒரு தெற்காசியப் பெண்பிள்ளை வேண்டும், அனுபவம் தேவையில்லை என்றார். மிசிசாகாவின் மெடோவேல் உயர்பள்ளியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த மைத்ரேயிக்கு அந்தச் செய்தியைக் காட்டியது அவருடைய சிநேகிதி. அம்மாவின் கமராவை எடுத்துக்கொண்டு இருவரும் உள்ளூர் நூலகத்துக்குப் போய் வீடியோப் பதிவு செய்து அனுப்பினார்கள். பிறகு இன்னும் நாலு வீடியோ கேட்டார்கள். அதன்பிறகு லொஸ் ஏஞ்சலஸுக்கு அழைப்பு. விண்ணப்பித்த 15,000 பேரில் அவர் தெரிவானார். வயது 17. அதற்கு முன் அவர் நடித்ததெல்லாம் பள்ளி மேடைகளில்தான்.

நூலகம் என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. மார்க்கத்தில் மில்லிக்கன் மில்ஸ் நூலகம்தான் என்னையும் அண்ணாவையும் வளர்த்தது. வேலைக்குப் போகிற தாய்மார் எங்களை நம்பி விட்டுப்போன இடம். காசு கேட்காத, கதவு திறந்திருக்கிற, சூடான இடம். இரண்டு சிநேகிதிகள் அங்கே ஒரு மூலையில் சிரிப்பை அடக்கிக்கொண்டு கமராவைச் சரிபண்ணுவதை என்னால் கண்முன் காண முடிகிறது.

2020 ஏப்ரல் 27இல் அந்தத் தொடர், 'நெவர் ஹேவ் ஐ எவர்', நெற்ஃபிளிக்ஸில் வந்தது. தொற்றுக்காலம், ஊரே வீட்டுக்குள். அம்மா வழக்கம்போல இடியப்பத்துக்கு மா குழைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தா. "இந்தப் பிள்ளை தாயோட கதைக்கிற கதையைப் பார்" என்றா. பிறகு மாவை மூடி வைத்துவிட்டு வந்து இருந்தா. அன்றே பத்துப் பகுதியும் முடிந்தது.

மைத்ரேயி நடித்த தேவி விஸ்வகுமார் கலிபோர்னியாவில் வளர்கிற இந்தியத் தமிழ்ப் பெண். பள்ளி இசைநிகழ்ச்சியில் அவள் யாழ் வாசித்துக்கொண்டிருக்கையில் தகப்பன் சபையிலேயே விழுந்து இறந்துபோகிறார். அந்த அதிர்ச்சியில் மூன்று மாதம் அவளுக்குக் கால் விளங்கவில்லை. நடக்கத் தொடங்கியதும் அவள் செய்கிறதெல்லாம் பிழை: பொய் சொல்கிறாள், சிநேகிதிகளை விட்டுக்கொடுக்கிறாள், வகுப்பு ஜன்னலை உடைக்கிறாள். செத்தது நீயாக இருந்திருக்கலாம் என்று தாயின் முகத்துக்கே சொல்லிவிடுகிறாள். அம்மா அந்த இடத்தில் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. எங்கள் மேடையில் அந்த வசனம் வந்திருந்தால் அடுத்த காட்சியில் சேலையும் காலில் விழுதலும் வந்திருக்கும்.

வந்தது மாலிபு கடற்கரை. தாயும் மகளும், உறவுக்காரி கமலா அக்காவும் தகப்பனின் சாம்பலைக் கடலில் கரைக்கிற காட்சி. மைத்ரேயி அங்கே செய்வதைத் தயவுசெய்து ஒருமுறை கவனித்துப் பாருங்கள். அழுகை உடனே வருவதில்லை. முதலில் முகம் பிடிவாதமாக இருக்கிறது. இவ்வளவு காலமும் அடக்கியதை இன்னும் ஒரு நிமிடம் அடக்கிவிடலாம் என்பது போல. பிறகு தாடை தளர்கிறது. கோபம் கரைந்து துக்கமாகிற அந்த இடைவெளியை, ஒருநாளும் நடிப்புப் பள்ளிக்குப் போகாத ஒரு பிள்ளை பிடித்திருக்கிறது. பூர்ணா ஜெகநாதன் நடித்த தாய் நளினி தேவியை மன்னிக்கிறதும் வசனத்தால் அல்ல, பக்கத்தில் வந்து நிற்பதால். தேவி மன்னிப்புக்காகத் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. அடுத்த வருடமும் பிழை விட்டாள், அதற்கடுத்த வருடமும். 2023 வரை நாலு பருவம், அப்படியே கத்திக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வளர்ந்தாள். தெய்வமும் இல்லை, அகதியும் இல்லை, திருந்தி வந்தவளும் இல்லை. எங்கள் பேஸ்மென்டில் யாருக்கும் எழுதப்படாத நாலாவது வேஷம் அது.

மைத்ரேயி தன்னைத் தமிழ்க் கனேடியர் என்றே அடையாளம் சொல்கிறார். யோர்க் பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்கக் கிடைத்த இடத்தைப் படப்பிடிப்புக்காகத் தள்ளிவைத்து, பிறகு மனித உரிமைகளும் சமத்துவமும் பற்றிய படிப்புக்கு மாறிக்கொண்டார். அகதிகளின் மகள் ஒருத்தி அந்தப் பாடத்தைத் தேர்ந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. 2021இல் 'டைம்' சஞ்சிகையின் அடுத்த நூறு பேர் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. 2022இல் பிக்சாரின் 'டர்னிங் ரெட்' வந்தது. ரொறொன்ரோவில் வளர்ந்த டோமி ஷி இயக்கிய படம். கதை நடப்பது 2002இன் ரொறொன்ரோவில். நாயகி மெய்லினின் தோழி பிரியாவுக்குக் குரல் மைத்ரேயி. தான் கைக்குழந்தையாக இருந்த வருடத்துக்கு, நான் அமுதாவைப் பார்த்த வருடத்துக்கு, அவர் குரல் கொடுத்திருந்தார். அந்த ஸ்ட்ரீட்காரும், பள்ளி வாசலில் கூடி நிற்கிற பிள்ளைகளும் எல்லாம் நாங்கள்தான்.

2025 ஓகஸ்டில் அண்ணாவின் மகளைக் கூட்டிக்கொண்டு டவுன்ரவுன் மார்க்கத்தில் 'ஃப்ரீக்கியர் ஃப்ரைடே' பார்க்கப் போனேன். லிண்ட்சே லோகனும் ஜேமி லீ கேர்ட்டிஸும் நடிக்கிற அந்த டிஸ்னி படத்தில் மைத்ரேயி ஒரு பொப் பாடகி. அவர் திரையில் வந்ததும் நான் மருமகளின் கையை அமத்தினேன்.

"தெரியும் மாமி, மைத்ரேயி" என்றாள், சோளப்பொரியிலிருந்து கண் எடுக்காமல்.

அவளுக்குப் பத்து வயது. தமிழ்ப்பிள்ளை ஹொலிவூட் படத்தில் வருவது அவளுக்குப் பனி பெய்வது போல ஒரு வழமை. காரில் வரும்போது அவள் கேட்டதெல்லாம் நாடக முகாமைப் பற்றித்தான்: இணையத்தில் பதிவு எப்போது திறக்கும், ஒரு கிழமைக்கு எவ்வளவு, சனிக்கிழமை தமிழ் வகுப்போடு முட்டுமா. அவளுடைய தகப்பன், ஹொக்கித் தடியைக் கொடுத்த என் அண்ணா, அன்றிரவே கணினியைத் திறந்து காசு கட்டினார். அப்பா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன வேஷம் தருவினமாம்?" என்று மட்டும் கேட்டார்.

"வில்லி கேட்டிருக்கிறன் தாத்தா" என்றாள்.