நமது பங்கு

கடந்த ஆண்டு பங்குத் திருவிழா நிறைவுற்ற வாரத்தில், மாலைத் திருப்பலி முடிந்து நாம் வெளியே வந்தபோது, இளையோர் குழுவினர் பதினொருவரும் கோவில் முற்றத்தில் நமக்காகக் காத்து நின்றனர். ஒன்பது நாள் நவநாளிலும் நாற்காலி சுமந்தவர்கள், தோரணம் கட்டியவர்கள், தேர் வடம் பிடித்தவர்கள் அவர்கள். "ஃபாதர், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எங்களோட வெளியே சாப்பிட வரணும். இடத்தை மட்டும் நாங்க பார்த்துக்கிறோம்" என்றனர். நாம் மகிழ்ச்சியோடு இசைந்தோம்.

இடம் பார்ப்பது அவ்வளவு எளிய செயலன்று என்பது அந்த வாரம் முழுவதும் நமக்குப் புரிந்தது. காதர் நவாஸ்கான் சாலையில் ஒன்று, பெசன்ட் நகரில் இரண்டு, அண்ணா நகரில் ஒன்று, பழைய மாமல்லபுரம் சாலையில் மூன்று எனப் பட்டியல் நீண்டது. ஒவ்வொன்றுக்கும் கைப்பேசியில் எத்தனை நட்சத்திரங்கள், விளக்கொளி எப்படி, பாட்டு எப்படி, படம் எடுக்க ஏற்ற மூலை உண்டா என்றெல்லாம் விவாதம் நடந்தது. மறைக்கல்வி வகுப்பில் வாய் திறவாத பிள்ளைகள்கூட இதில் வழக்கறிஞர்களைப்போல வாதாடியதைக் கண்டு நாம் உள்ளுக்குள் நகைத்துக்கொண்டோம்.

நகைக்க நமக்கு உரிமை இல்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பூவிருந்தவல்லிக் குருமடத்தில் பயின்ற நாள்களில், விடுமுறைக்கு வெளியே விட்டால் நமது கால்கள் தாமாக நாடிய இடம் கதீட்ரல் சாலையிலிருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகந்தான். 1962-இல் தொடங்கப்பெற்ற அவ்விடத்தில், மரநிழலில் நிற்கும் கார்களுக்கே தட்டு வந்து சேரும். கார் இல்லாத நம்மைப் போன்றோருக்கு உள்ளே கூடம் உண்டு. ஒரு காபியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் இறையியல் பேசினாலும் எழுந்திருக்கச் சொல்வார் இலர். 2008-இல் அது மூடப்பட்டது. 2010-இல் அந்நிலத்தில் செம்மொழிப் பூங்கா எழுந்தது. பூங்கா அழகியதுதான். ஆயினும் அவ்வழியே செல்லுந்தோறும் நமது நாசி இன்னும் அந்தக் காபியைத் தேடுகிறது.

இளமைக்குக் கூடிப் பேச ஓர் இடம் வேண்டும். தரமணியில் 2000-இல் டைடல் பூங்கா திறக்கப்பெற்ற பின்னர், அந்தச் சாலை நெடுகிலும் கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. தென் மாவட்டங்களிலிருந்து பிள்ளைகள் திரளாக வந்தனர். இவர்கள் வாழ்வதோ ஓர் அறைக்கு மூவர், நால்வர் எனத் தங்கும் விடுதிகளில். நண்பரை அழைத்து அமரவைக்கத் திண்ணை இல்லை, முற்றம் இல்லை. வீட்டில் இல்லாத கூடத்தைத்தான் இவர்கள் உணவகத்தில் தேடுகின்றனர். இதை ஆடம்பரம் என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிடுவது நேர்மையன்று.

அந்த ஞாயிறு இரவு நுங்கம்பாக்கத்தில் ஓர் உணவகத்துக்குச் சென்றோம். தொங்கும் விளக்குகள், சுவரெங்கும் ஓவியங்கள், செவியை நிறைக்கும் இசை. எதிரில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. ஆனாலும் முகங்களில் மலர்ச்சி இருந்தது. நமக்கென்று அவர்களே ஏதோ ஒரு மீன் வகையை வரவழைத்தனர். விலையைப் பார்க்கவும் நம்மை விடவில்லை. திருவல்லிக்கேணியில் தங்கியிருக்கும் தம்பி ஒருவர் மட்டும் ஒரு கிண்ணம் சூப்போடு நிறுத்திக்கொண்டார். "வயிறு சரியில்லை சாமி" என்றார். நாம் நம்பினோம்.

கணக்குச் சீட்டு வந்தபோது, அதில் சேவைக் கட்டணம் சேர்க்கப்பட்டிருந்தது. சட்டம் பயிலும் மகள் ஒருத்தி எழுந்தாள். சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாகச் சேர்க்கலாகாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வகுத்த நெறிமுறையையும், அதனை 2025 மார்ச் மாதத்தில் தில்லி உயர் நீதிமன்றம் உறுதிசெய்ததையும் பணிவோடும் தெளிவோடும் எடுத்துரைத்தாள். மேலாளர் மறுபேச்சின்றி அதை நீக்கினார். எஞ்சியது வரியோடு சேர்த்து 9,240 ரூபாய். "ஃபாதரிடம் வாங்கக் கூடாது" என்று ஒரே குரலில் கூறி, ஆளுக்கு 840 ரூபாய் எனப் பதினொருவரும் பகிர்ந்து கொடுத்தனர். நீதிக்காக ஒரு பெண் குரல் எழுப்பியதை மெச்சியபடியே நாம் பங்கு இல்லத்துக்குத் திரும்பினோம்.

அதற்குப் பின் நான்கு ஞாயிறுகள் அந்தத் தம்பி கூட்டத்துக்கு வரவில்லை. திருப்பலிக்கு வருவார், இறுதி ஆசீருக்கு முன் பின்வாசல் வழியே மறைந்துவிடுவார். ஐந்தாம் வாரம் நாமே அவருடைய மேன்ஷன் அறையைத் தேடிச் சென்றோம். கட்டிலில் நம்மை அமர்த்திவிட்டுத் தாம் நின்றுகொண்டார். ரிச்சி தெருவில் கணினி பழுது பார்க்கும் கடையொன்றில் அவருக்கு வேலை. மாதம் 13,000 ரூபாய். அதில் 5,000 ஊரிலிருக்கும் தாய்க்கு. யாரேனும் மனம் நோகப் பேசினார்களா என்று வினவினோம்.

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை சாமி. எல்லாரும் நல்லவங்க. கூட்டத்துக்கு வரப் பயமில்லை. கூட்டம் முடிஞ்ச பிறகு எங்கே போவாங்களோ, அதுதான் பயம்."

நாம் வாயடைத்துப் போனோம். திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு கணக்கு மனத்தை அரித்தது. உண்டவர் பன்னிருவர்; கொடுத்தவர் பதினொருவர். நாம் சுவைத்த மீனின் விலையில் பதினொன்றில் ஒரு பங்கு, சூப்போடு எழுந்த அந்தப் பிள்ளையின் பையிலிருந்து வந்தது. அன்று அவர் வயிறு நலமாகவே இருந்தது. நம்முடைய கண்கள்தாம் நலமாக இல்லை.

கொரிந்து நகரத் திருச்சபையில், ஆண்டவரின் விருந்துக்குக் கூடியவர்களில் ஒருவர் பசித்திருக்க மற்றவர் குடிவெறியில் இருந்ததைக் கேட்டுத் தூய பவுல் கடிந்துகொண்டதை நாம் அறிவோம். இல்லாதவரை வெட்கமுறச் செய்கிறீர்களா என்பதே அவருடைய கேள்வியின் சாரம். இப்பகுதியைக் குருமடத்தில் கிரேக்கச் சொற்களோடு படித்தோம். பெரிய வியாழன் மறையுரைகளில் பன்முறை விளக்கியும் இருக்கிறோம். ஆனால் அதே மேசையில் நாம் அமர்ந்திருந்தபோது அதை அறிந்துகொள்ளவில்லை. கொரிந்தில் செல்வர்கள் தீய எண்ணத்தோடு உண்டனர் என்று பவுல் சொல்லவில்லை. காத்திராமலும் கவனியாமலும் உண்டனர் என்பதே குறை. நமது குறையும் அதுவே.

அடுத்த கூட்டத்தில், எவருடைய பெயரையும் குறிக்காமல், நாம் ஒரு வேண்டுகோள் வைத்தோம். இனி வெளியே செல்வதாயின் முதலில் உணவகத்தைத் தேட வேண்டா. ஒவ்வொருவரும் தம்மால் செலவிட இயன்ற தொகையைப் பெயர் எழுதாத சீட்டில் குறித்துப் பெட்டியில் இடட்டும். குறைந்த தொகை எதுவோ, அதற்குள் அடங்கும் இடத்தைத் தேடுவோம் என்றோம். சிறிது நேரம் அமைதி. பிறகு, மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிவதால் வசதியானவள் என்று நாம் எண்ணியிருந்த மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "நானும் அறையில சாப்பிட்டுட்டுத்தான் வருவேன் ஃபாதர். தம்பி படிப்புக்கு வாங்கின கடனை நான்தான் கட்டுறேன்." வேறு இருவர் தலைகுனிந்தபடி புன்னகை செய்தனர். ஒருவர் மறைத்த சுமையைப் பலர் மறைத்திருந்தனர்.

நம்முடையதையும் சேர்த்துப் பன்னிரண்டு சீட்டுகள். மிகக் குறைந்தது 120 ரூபாய். "இந்தக் காசுக்கு எங்கே போறது?" என்று கைப்பேசிகள் கையில் ஏறின. நட்சத்திரங்கள் உதவவில்லை. அப்போதுதான் அந்தத் தம்பி வாய் திறந்தார். "எங்க பக்கம் வாங்க."

திருவல்லிக்கேணி என்றதும் பலருக்கு 1948 முதல் அங்கு விளங்கும் ரத்னா கஃபேயின் சாம்பார் இட்லி நினைவுக்கு வரும். இவரோ எங்களை அதையும் கடந்து, ஒரு சந்துக்குள் இருந்த பெயர்ப்பலகை மங்கிய சிற்றுண்டிக் கடைக்கு அழைத்துச் சென்றார். பரிமாறுபவர் இவரைப் பெயர் சொல்லி வரவேற்றார். எந்த நேரத்தில் தோசை முறுகலாக வரும், எந்தச் சட்னி எதற்கு ஏற்றது என்று எங்களுக்கு வகுப்பே நடத்தினார். பேசியது அனைத்தும் செவியில் விழுந்தது. பிறகு மெரினா மணலில் ஒன்பது மணிவரை பாட்டும் கேலியுமாக அமர்ந்திருந்தோம். பெண் பிள்ளைகள் விடுதிக் கதவு அடைபடுமுன் திரும்ப நேரமும் இருந்தது.

நுங்கம்பாக்கத்து உணவகத்தை நாம் பழிக்கவில்லை. எல்லாருடைய சீட்டும் இடம் கொடுக்கும் நாளில் அங்கும் மீண்டும் செல்வோம். ஓர் இடம் கலகலப்பானதா என்பதை அங்கே எரியும் விளக்குகளை எண்ணியன்று, வராமல் போனவர்களை எண்ணியே அறிய வேண்டும் என்பது மட்டும் நமக்கு விளங்கிற்று.

அன்று கடையில் கணக்குப் பார்த்தவரும் அந்தத் தம்பிதான். ஒவ்வொருவரிடமும் வாங்கிக்கொண்டே வந்தவர், நமக்கு முன் வந்து நின்றார். ஒரு கணம் தயங்கினார். பிறகு கையை நீட்டினார்.

"சாமி, உங்க பங்கு தொண்ணூறு ரூபாய்."