வண்டியின் எடையும் மாமியின் பையும்

இதை எழுதும்போது இரவு மணி பதினொன்று. எங்கள் வீட்டு வாசலில் ஏழு மீட்டர் நீளமுள்ள வெள்ளை வண்டி ஒன்று, தெருவிளக்கை மறைத்துக்கொண்டு நிற்கிறது. அதனுள்ளே கட்டில் உண்டு, அடுப்பு உண்டு, குளிர்பெட்டி உண்டு, கழிப்பறையும் உண்டு. மோட்டார்ஹோம் என்று இங்குள்ளோர் அழைக்கும் இந்த வீட்டு வண்டியை நாளை சுபுஹுத் தொழுகைக்குப் பின் நான் டோவர் துறைமுகத்திற்கு ஓட்டிச் சென்று, கப்பலில் ஏற்றி, பிரான்சு நாட்டின் கலே துறைமுகத்தில் இறக்கி, அங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் சற்றுக் கூடுதலான தொலைவிலுள்ள ரூவான் நகருக்குக் கொண்டு சேர்க்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள ஒரு நகரத்தில், மாலை நேர மதரஸாவில் பிள்ளைகளுக்குக் குர்ஆனும் மார்க்க நெறியும் கற்பிப்பவன் நான். கல்லூரியில் வரலாறு படித்தவன். எஞ்சினுக்கும் எனக்கும் உள்ள உறவு, சாவியைத் திருப்புவதோடு முடிந்துவிடும். பதினாறு ஆண்டுகளாக ஒரு சிறிய காரைச் சாலையின் இடப்பக்கத்திலே மட்டும் ஓட்டிப் பழகிய என் கைகளுக்கு இப்படி ஒரு சோதனை வரக் காரணம், என் மனைவியைப் பெற்ற மாமிதான்.

மாமி காரைக்காலில் பிறந்தவர். 1954 நவம்பர் வரை அவ்வூர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. சட்டப்படியான உரிமை மாற்றம் 1962இல்தான் நிறைவுற்றது. அப்போது அங்கிருந்தோருக்கு, விரும்பினால் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு அளிக்கப்பட்டது. அப்படித் தேர்ந்த குடும்பம் ஒன்றில்தான் மாமியின் லாத்தா வாழ்க்கைப்பட்டார். பின்னர் பிரான்சுக்கே குடிபெயர்ந்தார். மாமனார் மௌத்தான பிறகு மாமி எங்களோடு வந்துவிட்டார். இடையில் இருப்பது ஒரு கடற்கால்வாய்தான். ஆயினும் இரு சகோதரியரும் நேரில் கண்டு 19 ஆண்டுகள் ஆகின்றன! சென்ற ஆண்டு லாத்தாவைப் பக்கவாதம் தாக்கிற்று. இப்போது ஒற்றை அறை வீட்டில் இருக்கிறார். அங்கே ஐந்து பேர் தங்க இடமில்லை. மாமிக்கோ முழங்கால் வலி, சர்க்கரை நோய். மணிக்கொரு முறை கழிப்பறை வேண்டும். விமானமும் இரயிலும் அவருக்கு ஒத்துவரா. ஆகவே படுக்கையும் கழிப்பறையும் உடன்வரும் வண்டியை வாடகைக்கு எடுப்பது என்று முடிவாயிற்று.

வண்டி தேடும்போதே முதற் பாடம் கிடைத்தது. ஆறு பேர் படுக்கலாம் என்று விளம்பரத்தில் கண்டால், ஆறு பேர் பயணம் செய்யலாம் என்று எண்ணிவிடக் கூடாது. படுக்கை வேறு, சீட் பெல்ட் உள்ள பயண இருக்கை வேறு. ஆறு படுக்கைக்கு நான்கே இருக்கைகள் உள்ள வண்டிகள் பல. நாங்கள் ஐவர். ஐந்து பெல்ட் உள்ள வண்டி கிடைப்பதற்குள் மூன்று வாரம் ஓடிற்று.

பிறகு ஏடுகள். வாடகை வண்டியைப் பிரிட்டனுக்கு வெளியே கொண்டுசெல்ல விஇ 103 என்னும் சான்றிதழ் வேண்டும். பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருப்போர் பிரான்சுக்குள் நுழையும் நாளில், அது வழங்கப்பட்டுப் பத்து ஆண்டுகள் ஆகியிருக்கக் கூடாது. நாடு திரும்பும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். 2025 அக்டோபர் 12இல் தொடங்கிய புதிய முறைப்படி, எல்லையில் முகத்தைப் படம் எடுத்து விரல் ரேகையும் பதிகிறார்கள். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ரேகை இல்லை. வண்டியின் பின்புறம் ‘யுகே’ என்னும் எழுத்து ஒட்ட வேண்டும். 2021 செப்டம்பர் 28 முதல் பழைய ‘ஜிபி’ செல்லாது. எச்சரிக்கை முக்கோணம் ஒன்று, கைக்கெட்டும் இடத்தில் ஒளிரும் சட்டை, எதிரே வருவோரின் கண் கூசாதபடி முகப்பு விளக்கில் ஒட்டும் தகடுகள். இவை யாவும் சேர்ந்தன. பழைய கையேடு ஒன்று, மது அருந்தியிருக்கிறோமா என்று ஊதிப் பார்க்கும் கருவியையும் எடுத்துச் செல்லச் சொன்னது. அதன் வாடையே அறியாத நாமும் அதை விலைகொடுத்து வாங்க வேண்டுமா என்று சிரித்தேன். 2012இல் வந்த அந்த விதி 2020இல் நீக்கப்பட்டுவிட்டதாம்.

வலப்பக்கம் ஓட்டுவதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. ஒரு நாள் பாடம் முடிந்ததும் மதரஸாவின் எழுதுபலகையில் ரவுண்டானா ஒன்றை வரைந்து, வண்டி செல்லும் வழியை அம்புக்குறியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பைத் தேடி உள்ளே வந்த ஒன்பது வயது மாணவன் ஒருவன் சற்று நேரம் பார்த்துவிட்டு, “உஸ்தாத், அம்பு தப்பு. அங்கே இடஞ்சுழியாகச் சுற்றணும், தவாஃப் செய்வது மாதிரி” என்றான். ஆண்டுதோறும் பெற்றோருடன் அங்கே போய்வருகிற பிள்ளை அவன். கஅபாவை இடப்புறமாக வைத்துச் சுற்றுவது போல, ரவுண்டானாவின் நடுத்திட்டும் நம் இடப்புறம் இருக்க வேண்டும். புனிதமான ஒன்றைப் போக்குவரத்தோடு ஒப்பிடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் இனி இதை நான் மறக்கப்போவதில்லை!

மறக்கக்கூடாதது இன்னொன்றும் உண்டு. பிரான்சின் ஊர்ப்புறங்களில், அடையாளப் பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில், வலப்பக்கச் சிறு தெருவிலிருந்து வருபவருக்கே முதலுரிமை. நாம் பெரிய தெருவில் செல்கிறோம் என்ற மிடுக்கு அங்கே செல்லாது. மேலும், நம் வண்டியின் ஓட்டுநர் இருக்கை வலப்புறம் இருப்பதால், முன்னே செல்லும் லாரியைத் தாண்டலாமா என்பதை இடப்புறம் அமர்ந்திருப்பவர்தான் பார்த்துச் சொல்ல முடியும். சுங்கச்சாவடியில் சீட்டு வாங்குவதும் அவர் கையில்தான். இவ்விரு பொறுப்புகளையும் என் மனைவி ஏற்றுக்கொண்டார். “இனி நான் சொன்னால்தான் நீங்கள் முந்தலாம்” என்றார். இதில் புதிதாக என்ன இருக்கிறது?

வண்டியின் உயரம் 3.05 மீட்டர், அடிக்கணக்கில் பத்து. மகள் இதைப் பெரிய எழுத்தில் எழுதி, கண்முன்னே ஒட்டியிருக்கிறாள். காரில் செல்பவன் பாலத்தின் உயரத்தை எப்போதாவது படித்திருப்பானா? மூன்று மீட்டரைத் தாண்டுவதால் அங்கே சுங்கக் கட்டணமும் ஒரு படி கூடுதல். பள்ளிவாசல் மைதானத்தில் திருப்பிப் பழகியபோது, வலப்பக்கம் வளைத்தால் வண்டியின் வால் இடப்பக்கம் வீசுவதை அறியாமல் ஒரு குப்பைத் தொட்டியைச் சாய்த்தேன். நல்லவேளை, தொட்டி பிளாஸ்டிக்!

இவையெல்லாம் கற்றுக்கொள்ளக் கூடியவை. எதிர்பாராதது எடைமேடையில் காத்திருந்தது.

1997 ஜனவரி 1 முதல் இங்கே ஓட்டுநர் தேர்வில் தேறியவர்களுக்குச் சாதாரண கார் உரிமத்தில் உள்ள வரம்பு, பொதுவாக 3,500 கிலோ. எங்கள் வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையும் அதுவே. “ஆறு பேருக்கும் சாமான்களுக்கும் தாராளம்” என்று வாடகைக்குக் கொடுத்தவர் சொன்னதை நம்பி, நான் கணக்குப் போடவில்லை. சனிக்கிழமை எல்லாவற்றையும் ஏற்றி, தண்ணீர்த் தொட்டியையும் நிரப்பி, ஐவரும் அமர்ந்தபடியே எடைமேடையில் ஏறினோம். ஊழியர் சன்னல் வழியே சீட்டை நீட்டினார். மகன் உரக்கப் படித்தான்: “3,580.”

எண்பது கிலோ கூடுதல்! சாலையில் நிறுத்தி எடை போட்டால் அபராதம். சாமானை இறக்கும்வரை நகர விடாமல் தடுக்கவும் செய்வார்கள். அதைவிட, நிறைசுமையில் டயரும் பிரேக்கும் படும் பாடு பெரிது. நான் இதைச் சொல்லி முடித்ததும் வண்டிக்குள் பேச்சில்லை. பின்னிருக்கையிலிருந்து மாமியின் குரல் கேட்டது.

“நான் எடை கூடுதல்தானே, மாப்பிள்ளை? என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். லாத்தாவைப் பார்த்து, படம் பிடித்துக்கொண்டு வந்தால் போதும்.”

யாருக்காகப் புறப்படுகிறோமோ அவரே இறங்கிக்கொள்கிறேன் என்கிறார். என் மனைவி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வண்டியை வீட்டுக்குத் திருப்பினேன்.

அன்றிரவு எல்லாவற்றையும் கூடத்தில் இறக்கிப் பரப்பி, குளியலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தோம். இருபது கிலோ அரிசி மூட்டை. பிரான்சில் அரிசியே கிடைக்காததுபோல! மகனின் மிதிவண்டி 14 கிலோ. வெயிலுக்கு விரிக்கும் பந்தல் 30 கிலோ. என் புத்தகப் பெட்டியைத் தராசில் வைத்தபோது முள் 23 காட்டிற்று. இரண்டு வாரத்திற்கு எதற்கு இத்தனை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மாமியின் பை 9 கிலோ. அனைவருடையதிலும் அதுதான் குறைவு. அதிலும், லாத்தாவுக்காக உருக்கி வைத்திருந்த நெய் டப்பாவை நான்தான் எடுக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. 2021 முதல் பிரிட்டனிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் கொண்டுசெல்ல அனுமதி இல்லை. ஹலால் இறைச்சிக்குக் கவலையில்லை. வட ஆப்பிரிக்க முஸ்லிம்கள் நிறைந்து வாழும் அந்நாட்டு நகரங்களில் நம் கடைகள் உண்டு. நெய் இருந்த இடத்தில் வறுத்த இடியாப்ப மாவை வைத்துக்கொண்டார் மாமி. ஒரு சொல்லும் சொல்லவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய சுமை கண்ணில் படவே இல்லை. அது தண்ணீர். தொட்டி கொள்வது நூறு லிட்டர். அதாவது நூறு கிலோ. இருபது லிட்டரோடு புறப்பட்டால் எண்பது கிலோ அப்படியே குறையும். பிரான்சில் இத்தகைய வண்டிகள் நின்று நல்ல தண்ணீர் பிடிக்கவும், கழிவுநீரை வெளியேற்றவும் ஊர்தோறும் இடங்கள் உண்டு. போய்ச் சேர்ந்ததும் நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் ஐந்து பேர் உளூச் செய்ய வேண்டும், கழிப்பறைக்கும் தண்ணீர் வேண்டும். இருபது லிட்டர் எப்படிப் போதும் என்று நான் மலைத்தேன்.

மாமி எழுந்து சென்று சமையலறையிலிருந்து அரை லிட்டர் குவளை ஒன்றை எடுத்து வந்தார். அதில் நீர் மொண்டு, தொட்டி முன்னே அமர்ந்து, நிதானமாக உளூச் செய்து காட்டினார். முகம், கைகள், தலை, கால்கள் என எல்லாம் முடிந்தபின்னும் குவளையின் அடியில் சிறிது நீர் மிஞ்சியது. “கிணற்றில் இறைத்து வளர்ந்தவர்கள் நாங்கள்” என்றார். நபிகளார் (ஸல்) ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்பதை நான் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு முத்து என்பது ஒரு லிட்டரை எட்டாத அளவு. சொல்லிக்கொடுத்துவிட்டு, வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு நிற்பவனும் நானே. அன்று மகனும் மகளும் ஆளுக்கொரு குவளையோடு பழகினார்கள். எனக்கு மூன்றாம் முறையில்தான் கைகூடிற்று.

புத்தகங்களில் ஐந்து கிலோவை வைத்துக்கொண்டு மீதியை அலமாரிக்கே திருப்பினேன். அரிசியில் பதினைந்து கிலோவும், மிதிவண்டியும், பந்தலும், சில்லறைச் சாமான்களும் வீட்டில் தங்கின. திங்களன்று மறுபடியும் எடைமேடை. மாமி பின்னிருக்கையில் கைகளைக் கோத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். சீட்டில் 3,410 என்றிருந்தது. மகன் படித்ததும் வண்டிக்குள் எழுந்த கூச்சலில் ஊழியர் எட்டிப் பார்த்தார். அல்ஹம்துலில்லாஹ்!

அந்தச் சீட்டை நான் ஏடுகளோடு வைக்கப் போனபோது மாமி கை நீட்டி வாங்கிக்கொண்டார். “உங்களுக்கு இது எதற்கு, மாமி?” என்று கேட்டேன்.

“லாத்தாவிடம் காட்டணும். என்னைச் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு என்று சொல்லணும்” என்றபடி, அதை நான்காக மடித்துத் தம் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்.

கப்பலில் ஏறுமுன் எரிவாயு உருளையை மூட வேண்டும் என்று மகள் இன்னொரு சீட்டு எழுதிக் கதவில் ஒட்டிவிட்டு இப்போதுதான் படுக்கப் போனாள். நானும் படுக்க வேண்டும். மாமியின் அறையில் மட்டும் இன்னும் விளக்கு எரிகிறது.