சைரன் பொத்தான் எங்கே இருக்க வேண்டும்?

ஹெலன்ஸ்பர்க் வெங்கடேசுவரர் கோயிலில் நான் போய் இறங்கியபோது ஒரு வாகன பூஜை முடியும் தறுவாயில் இருந்தது. புதுக் காரின் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம், பானெட்டில் சந்தனம், குங்குமம். சிட்னிக்குத் தெற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டரில், யூகலிப்டஸ் காட்டை ஒட்டி 1985-இல் குடமுழுக்குக் கண்ட கோயில். விசேஷ நாள் என்பதால் கார்கள் வந்தபடி இருந்தன. நிறுத்துமிடத்தின் ஓரமாக ஒரு போலீஸ் ரோந்து கார்.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதை, வண்டிகளுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துத் தொண்டர் கவனித்துவிட்டார். "கிட்டப் போய்ப் பாருங்கோ அண்ணை. கேட்டால் காட்டுவினம்." கேட்டேன். காவலர் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார். ஆனால் அதற்கு முன்பாக உள்ளே இருந்த கணினித் திரையை அணைத்தார். அதில் ஊராரின் வண்டி எண்களும் முகவரிகளும் வரும். நான் பார்க்கக் கூடாது.

காரின் வெளிப்புறத்தைச் சுற்றி நீல–வெள்ளைக் கட்டம் ஓடுகிறது. 1930-களில் கிளாஸ்கோ நகரக் காவல்துறைத் தலைவராக இருந்த பெர்சி சில்லிட்டோ, கூட்டத்தில் போலீஸை அடையாளம் காட்டத் தொப்பியில் வைத்த கட்டம் அது. உலகெங்கும் பரவி, காரிலும் ஏறிவிட்டது. போலீஸ் கார் வெளியே எப்படித் தெரிய வேண்டும் என்று இவ்வளவு காலமாக யோசித்திருக்கிறார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் கதை வேறு.

நம்மூர் போலவே இங்கும் ஸ்டீயரிங் வலப்பக்கம். ஆகவே எல்லா வேலையும் இடக்கைக்கு. ரேடியோ மைக், சைரனும் சுழல் விளக்கும் போடுகிற பொத்தான் பெட்டி, கணினி, காமிரா, சார்ஜர் வயர்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு தேவைக்காக வந்து சேர்ந்தது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நல்ல கருவிதான். கார் கம்பெனிக்காரர் குடும்பத்துக்காக வடிவமைத்த முன்பகுதியில் இத்தனையும் இடம் தேடும்போது நெருக்கடி முழுவதும் ஓட்டுகிறவர் தலையில் விடிகிறது.

"கண்ணை எடுக்காமல் சைரன் போட முடியுமா?" என்று கேட்டேன். எதிரே கோபுரத்தைப் பார்த்தபடியே இடக்கையைக் கீழே இறக்கினார். விரல் தடவிப் போய் ஒரு பொத்தானில் நின்றது. குனிந்து பார்த்தேன்: அந்தப் பொத்தானின் மேல் மட்டும் யாரோ பசையால் சின்ன மேடு வைத்திருந்தார்கள். ஓட்டுகிறவர்களே செய்துகொண்ட வசதி. வடிவமைப்பாளர் செய்திருக்க வேண்டிய வேலை அது.

திரைக்கு இந்த வித்தை பலிக்காது. அதைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். இங்கே நெடுஞ்சாலையில் உச்ச வேகம் 110. அந்த வேகத்தில் 2 விநாடி திரையைப் பார்த்தால் கார் 61 மீட்டர் தாண்டிவிடும். ஓட்டும்போது கைப்பேசியைத் தொடுகிறவர்களைப் பிடிக்க 2020 மார்ச்சிலிருந்து காமிரா வைத்து அபராதம் போடும் மாநிலம் நியூ சவுத் வேல்ஸ். போலீஸ் வண்டிக்கு அந்தச் சாலை விதியில் விலக்கு உண்டு. சட்டம் விலக்குத் தரலாம். கண்ணுக்கும் மூளைக்கும் விலக்கு கிடையாது. இருவர் போகும்போது பக்கத்தில் இருப்பவர் திரையைப் பார்த்துக்கொள்வார். தனியாகப் போகும் இரவில்தான் சிக்கல்.

அடுத்தது ஏர்பேக். அது கண்ணிமைக்கும் நேரத்துக்குள் விரிகிறது. அதன் வழியில் கணினித் தாங்கியோ மைக் கொக்கியோ இருந்தால், காப்பாற்ற வந்த பையே அதை முகத்தில் எறியும். கட்டாமல் கிடக்கும் பொருளும் ஆபத்துதான். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி நின்றால், இருக்கையில் கிடந்த டார்ச் அதே வேகத்தில் பறக்கும். 14 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகம் அது. காவலர் டிக்கியைத் திறந்து காட்டினார். கூம்புகள், தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி எல்லாம் வார் போட்டு இறுக்கியிருந்தன. இந்தப் பாடத்தை நன்றாகவே படித்திருக்கிறார்கள்.

பிறகு இருக்கையைப் பார்த்தேன். வலது விளிம்பில் துணி தேய்ந்து, உள்ளே பஞ்சு தெரிந்தது. துப்பாக்கி உறை உரசும் இடம். துப்பாக்கி, கைவிலங்கு, ரேடியோ என்று இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஒரு ஷிப்டு முழுக்க உட்கார்ந்தால் தேய்வது துணி மட்டுமா? சுவீடனில் காவலர்களை வைத்து நடந்த ஆய்வில், பெல்ட்டுக்குப் பதிலாகச் சுமை தாங்கும் வெஸ்ட்டும் தொடையில் உறையும் அணிந்தபோது, காருக்குள் இடுப்புத் தொல்லை குறைந்திருக்கிறது. ஆனால் சுமை மேல் முதுகுக்கு ஏறும். அதற்கேற்ப இருக்கையின் சாய்மானமும் மாற வேண்டும்.

ஆஸ்திரேலியாவுக்கு இதில் இன்னொரு தலைவலி. ஃபோர்டு 2016-இலும் ஹோல்டன் 2017-இலும் இங்கே கார் உற்பத்தியை நிறுத்தின. போலீஸுக்கென்றே சில மாற்றங்களோடு ஃபால்கனையும் கமோடோரையும் உள்ளூரிலேயே செய்து தந்தவர்கள் அவர்கள். இப்போது பி.எம்.டபிள்யூ., கியா என்று பல தேசத்து வண்டிகள். முன்பகுதி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி.

வழி தேடியவர்களும் உண்டு. அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் பல்கலைக்கழகம் 1999-இல் தொடங்கிய 'புராஜெக்ட் 54', விளக்கு, சைரன், ரேடியோ, ரேடார் எல்லாவற்றையும் ஒரே கணினியில் இணைத்துக் குரல் கட்டளைக்குக் கொண்டுவந்தது. கை விடுபடும், கண் சாலையில் இருக்கும். விக்டோரியா காவல்துறை 2019-இல் ஒரு டெஸ்லா மாடல் எக்ஸை ரோந்துக்கு எடுத்து, காரில் ஏற்கெனவே இருக்கும் பெரிய திரையிலேயே போலீஸ் கருவிகளையும் சேர்க்க முடியுமா என்று சோதித்தது. பெட்டிகள் குறையும். ஆனால் வழவழப்பான திரையில் விரலுக்கு மேடு பள்ளம் தெரியாது. அவசரத்தில் அந்தப் பசைப் பொத்தானே மேல்.

எனவே எல்லாவற்றையும் திரைக்குள் தள்ளுவதோ எல்லாவற்றுக்கும் பொத்தான் வைப்பதோ உதவாது. ஓடும்போது தொட வேண்டியவை கைக்கு எட்டும் இடத்தில், தடவினாலே தெரியும்படி இருக்கட்டும். படிக்க வேண்டியவற்றை வண்டி நின்ற பிறகு திரை காட்டட்டும், அல்லது குரலில் சொல்லட்டும்.

தமிழ்நாட்டு ரோந்து வண்டிகளுக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. இந்தியாவில் கார்களுக்கு முன்னிருக்கை இரண்டிலும் ஏர்பேக் கட்டாயமாகிவிட்டது. நாம் இன்னமும் டாஷ்போர்டில் பிள்ளையாரையும் வயர்லெஸ் மைக்கையும் நினைத்த இடத்தில் ஒட்டுகிறோம். லத்தியை இருக்கை இடுக்கில் செருகுகிறோம். அடுத்த தொகுதிக்கு டெண்டர் எழுதும் முன், அதை ஓட்டப்போகிற காவலர்களில் உயரமானவர் ஒருவரையும் குள்ளமான பெண் காவலர் ஒருவரையும் முழுச் சீருடையில் மாதிரி வண்டியில் உட்கார வைக்கலாம். கண்ணைச் சாலையில் வைத்துக்கொண்டு சைரன் போடச் சொல்லலாம். மைக்கை எடுக்கச் சொல்லலாம். கை தடுமாறும் இடத்தைக் குறித்துக்கொண்டு, கருவியை அங்கிருந்து நகர்த்தினால் சரி. இதற்கு ஆகும் செலவு ஒரு மத்தியானம்.